தபால்ல வர்ற வாடகை கேம்: மாசம் 16 டாலருக்கு எத்தனை டிஸ்க் தேறும்?

சுண்டல் | 2011 மே 12

அமெரிக்காவுல தபால்ல வீடியோ கேம் டிஸ்க் வாடகைக்குத் தர்ற கேம்ஃப்ளையோட திட்டம், ஒரு நேரத்துல ஒரு டிஸ்க், மாசம் 15.95 டாலர். எத்தனை வேணும்னாலும் மாத்திக்கலாம்னு விளம்பரம். நடைமுறையில மாசத்துக்கு ரெண்டு டிஸ்க் வந்தாலே அதிசயம். அதுக்குப் பழைய டிஸ்க்கா 30 டாலருக்கு வாங்கி, முடிச்சுட்டு 20க்குத் தள்ளிவிட்டா செலவு பத்தே டாலர். எனக்கென்னவோ இந்த வாடகை வியாபாரமே கண்துடைப்புன்னு தோணுது. மறுக்கிறவங்க கணக்கோட வாங்க.

தபால்பெட்டி | 2011 மே 12

கணக்கோடயே வர்றேன். நீங்க வாடகை கட்டுறது கேமுக்கு இல்ல, ஒரு காலியிடத்துக்கு. அந்த இடத்துல டிஸ்க் உங்க வீட்டுல இருக்கிற நாளும் ஓடுது, தபால்ல இருக்கிற நாளும் ஓடுது.

அங்கேருந்து வர 3 நாள். வீட்டுல 5 நாள். திரும்பிப் போக 3 நாள். உறையைப் பிரிச்சு அடுத்ததைக் கட்டி அனுப்ப 1 நாள். ஆக ஒரு சுத்துக்கு 12 நாள், மாசத்துக்கு ரெண்டரை டிஸ்க். ஒண்ணுக்கு 6.38 டாலர் விழுது. 12 நாள்ல 7 நாள் உங்க கையிலயே இல்ல, அதைக் கவனிங்க. விளையாடுற வேகத்தைக் கூட்டிப் பெருசா ஒண்ணும் ஆகப்போறதில்ல. அந்த 7 நாளைக் குறைக்கிற வழியைத்தான் பார்க்கணும்.

வீட்டுல 20 நாள் வச்சுக்கிட்டா சுத்து 27 நாள் ஆயிடும். டிஸ்க் ஒண்ணுக்கு 14 டாலருக்கு மேல. அப்படிப்பட்டவங்களுக்கு உங்க வாங்கி-விக்கிற கணக்குதான் சரி. அறுபது மணி நேரம் இழுக்கிற ஆர்பிஜி (ஒரு பாத்திரமா மாறி நீளக் கதையை ஆடுற கேம்) எல்லாம் வாடகைக்கு ஆகாது.

ரெண்டாம்_பிளேயர் | 2011 மே 13

ரெண்டு டிஸ்க் திட்டம் 22.95. அதே 12 நாள் சுத்துன்னா மாசத்துக்கு அஞ்சு டிஸ்க், ஒண்ணு 4.60க்குள்ள. ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல திருப்பி அனுப்பாதீங்க. ரெண்டும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வரும், நடுவுல ஒரு வாரம் கேம் ஓட்டுற கருவி, அதான் கன்சோல், தூசி பிடிக்கும். ஒண்ணு வந்த அன்னிக்கு இன்னொண்ணைப் போடுங்க.

தபால்பெட்டி | 2011 மே 13

திரும்பிப் போற 3 நாளைச் சுருக்க ஒரு வழி இருக்கு. உறை மேல பார்கோடு இருக்குல்ல? தபால் நிலைய மெஷின் அதை முதல் தடவை படிச்ச உடனே கிடங்குக்குத் தகவல் போயிடும். டிஸ்க் கிடங்குக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே அடுத்தது கிளம்பும். அது நல்லா வேலை செஞ்சா சுத்து 9 நாளா குறையும்.

அதனால எந்தப் பெட்டியில போடுறோம்ங்கிறது முக்கியம். தெருமுனை நீலப் பெட்டியில கடைசியா எத்தனை மணிக்கு எடுப்பாங்கன்னு அதோட ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும். அதைத் தாண்டிப் போட்டா ஒரு நாள் போச்சு. சனிக்கிழமை சாயங்காலம் போட்டா திங்கட்கிழமை வரைக்கும் பெட்டிக்குள்ளயே தூங்கும். காலையிலயே தபால்காரர் கையில கொடுக்கிறது, இல்ல பெரிய தபால் நிலையத்துக்குள்ள இருக்கிற துவாரத்துல போடுறது, இது ரெண்டும்தான் நம்பகம்.

ஒரு விஷயம். மெஷின்ல ஓடாம கையால பிரிச்சா ஸ்கேன் விழாது. அப்போ டிஸ்க் நிஜமாவே போய்ச் சேர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

சுண்டல் | 2011 மே 13

கையால எதுக்குப் பிரிக்கணும்? அமெரிக்கத் தபால்ல மெஷினுக்கா பஞ்சம்?

தபால்பெட்டி | 2011 மே 14

இதுதான் இந்த வியாபாரத்தோட மையமே. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

கடிதம் பிரிக்கிற மெஷின் உறையை ரெண்டு பெல்ட்டுக்கு நடுவுல கவ்வி, உருளைகளைச் சுத்தி இழுத்துக்கிட்டுப் போகும். மணிக்குப் பல ஆயிரம் உறை. அதுல ஓடணும்னா, 40 பவுண்டு இழுவிசையில 11 அங்குல விட்டமுள்ள வளைவைச் சுத்தி வளையற அளவுக்கு உறை நெகிழ்வா இருக்கணும்னு தபால் துறை விதியே இருக்கு. டிஸ்க் கொஞ்சம் வளையும். ஆனா திரும்பத் திரும்ப வளைஞ்சா நடு ஓட்டையிலேருந்து விரிசல் விடும். ஒரு டிஸ்க் ஒரு வருஷத்துல எத்தனை வீடு போய் வருதுன்னு நினைச்சுப் பாருங்க.

சரி, அட்டை வச்சுக் காப்பாத்தலாம்னா எடை இடிக்குது. டிஸ்க் ஏறக்குறைய 16 கிராம். ஒரு அவுன்ஸ்ங்கிறது 28 கிராம் சொச்சம். மெல்லிய உறைன்னா ஒரு அவுன்ஸுக்குள்ள அடங்கிடும். காப்பு அட்டையைச் சேர்த்தா தாண்டிடும், விறைப்பும் கூடிடும், கடிதக் கட்டணம் பொருந்தாது. பெரிய தட்டை உறைங்கிற வகையில அனுப்பணும். அதுக்கு வேற மெஷின், வேற விலை. இதைப் பத்தி கேம்ஃப்ளை போட்ட வழக்கு தொடங்கின 2009ல ஒரு அவுன்ஸ் கடிதம் 44 சென்ட், ரெண்டு அவுன்ஸ் தட்டை உறை 1.05 டாலர். போகவும் வரவும் ரெண்டு தடவை.

வழக்குன்னு சொன்னேன்ல. நெட்ஃபிளிக்ஸும் தபால்ல வாடகைக்கு சினிமா டிஸ்க்தான் அனுப்புது, அதுவும் மெல்லிய உறையில, கடித விலையில. ஆனா திரும்பி வர்ற சிவப்பு உறைகளைத் தபால் ஊழியர்கள் கையாலயே பொறுக்கி, மெஷின் பக்கம் போகாம தனியா எடுத்து வச்சாங்க. மெஷின்ல ஓடாத கடிதத்துக்குன்னு 20 சென்ட் கூடுதல் கட்டணம் உண்டு. அதையும் வாங்கல. அதே கவனிப்பு எங்களுக்கும் வேணும்னு கேம்ஃப்ளை கேட்டப்ப நடக்கல. 2009 ஏப்ரல்ல தபால் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் புகார் போச்சு. போன மாசம் தீர்ப்பு: தபால் துறை காட்டினது பாரபட்சம்தான். பரிகாரமா, டிஸ்க் போய் வர்ற தட்டை உறை ரெண்டு அவுன்ஸ் வரைக்கும் இருந்தாலும் ஒரு அவுன்ஸ் விலையில ஏத்துக்கணும்னு சொல்லியிருக்காங்க.

கீறல் | 2011 மே 14

தட்டை உறைக்கு மாறினதுக்கு உடையறது மட்டும் காரணம் இல்ல, திருட்டும்தான். புது கேம் கடையில 60 டாலர், பழசா வித்தாலும் 30 தேறும். சினிமா டிஸ்க்கை எவன் வாங்குவான்? உறையைத் தடவிப் பார்த்தாலே உள்ள வட்டமா என்னமோ இருக்குன்னு தெரியும். தபால் ஊழியர்களே கேம் டிஸ்க்கை எடுத்து மாட்டின வழக்குகள் இருக்கு.

அதனால டிஸ்க் வரலைன்னா உடனே தொலைஞ்சதுன்னு புகார் போடாதீங்க, கொடுத்த கெடு முடியட்டும். புகார் போட்ட மறுநாள் டிஸ்க் வர்றது சகஜம். ஒரே கணக்குலேருந்து புகார் குவிஞ்சா சந்தேகம் உங்க மேலதான் திரும்பும்.

ரெண்டாம்_பிளேயர் | 2011 மே 15

புது கேம் வெளியாகிற அன்னிக்கே கிடைக்கணும்னா ஒரு உத்தி. இது ஊரறிஞ்ச ரகசியம்தான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

அமெரிக்காவுல கேம் செவ்வாய்க்கிழமை வெளியாகும். கிடங்குலேருந்து திங்கள், செவ்வாய்ல கிளம்பும். உங்க பழைய டிஸ்க் அதுக்கு முந்தின வியாழன்லேருந்து திங்களுக்குள்ள திரும்பிச் சேர்ந்ததா பதிவாகணும். அந்த நேரத்துல வரிசைப் பட்டியல்ல (அடுத்து வேணும்னு நீங்க குறிச்சு வைக்கிற கேம்கள்) அந்த ஒரே கேம் மட்டும் இருக்கணும். கீழ அஞ்சாறு பழைய கேம் கிடந்தா, கணினி கையில இருக்கிறதை எடுத்து அனுப்பிட்டு வேலையை முடிச்சுடும். புதன்கிழமையே போய்ச் சேர்ந்துட்டா கூடுதலா ரெண்டு மூணு நாள் காலி இடத்துக்கு வாடகை. வெள்ளி, சனிதான் பொருத்தம்.

இந்த உத்தியில ஒரு ஆபத்து. எல்லாரும் கேட்கிற கேம்னா பட்டியல் காலியா இருக்கும், டிஸ்க்கும் வராது. கையிருப்பு மிகக் குறைவுன்னு காட்டினா ஒரு வாரத்துக்கு மேல காத்திருக்காம பட்டியலை நிரப்பிடுங்க. அந்த கேமுக்கு அடுத்த மாசம் கூட்டம் குறையும்.

சுண்டல் | 2011 மே 16

பிசி கேம் ஏன் ஒருத்தரும் வாடகைக்குத் தர்றதில்ல? அதுவும் டிஸ்க்தானே.

தபால்பெட்டி | 2011 மே 16

சட்டம். அமெரிக்காவுல 1990ல கணினி மென்பொருள் வாடகையைத் தடுத்து ஒரு திருத்தம் வந்துச்சு. வாங்கின பொருளை வாங்கினவர் வாடகைக்கு விடலாம்ங்கிற பொது விதிக்கு அது விலக்கு. அந்த விலக்குக்குள்ளயும் ஒரு விலக்கு வச்சாங்க: வீடியோ கேம் விளையாடவே செஞ்ச கன்சோலுக்கான கேமுக்குத் தடை இல்ல. பிசி டிஸ்க்கை நகலெடுத்துட்டுத் திருப்பிடலாம், அப்போ கன்சோல் கேம் வந்த கேட்ரிஜ்ங்கிற சில்லுப் பெட்டியை வீட்டுல நகலெடுக்கிறது கஷ்டம். அந்தக் காலத்து நியாயம் அது.

ஜப்பான்ல நேர்மாறு. வாடகை உரிமை படைச்சவங்க கையில இருக்கு, அங்கே கன்சோல் கேம் வாடகைக் கடை தலையெடுக்கவே இல்ல. கன்சோலும் கேமும் தயாரிக்கிற ஜப்பான் நிறுவனம் நின்டெண்டோ அமெரிக்காவுலயும் வாடகையைத் தடுக்கப் பார்த்துச்சு, முடியல. கடைசியில 1989ல பிளாக்பஸ்டர்ங்கிற வாடகைக் கடை மேல போட்ட வழக்கு எதுக்குத் தெரியுமா? கேமோட வர்ற கையேட்டை நகலெடுத்துக் கொடுத்தாங்கன்னு.

கீறல் | 2011 மே 17

கையேடுன்னதும் ஞாபகம் வருது. தபால் வாடகையில பெட்டியும் வராது, கையேடும் வராது, வெறும் டிஸ்க்தான். பிடிச்சுப்போய் விலைக்கு எடுத்துக்கிட்டா பெட்டி, கையேட்டைத் தனியா அனுப்புவாங்க. கிட்டார் ஹீரோ, ராக் பேண்ட் மாதிரி பொம்மைக் கிட்டாரோட விளையாடுற கேமைப் பட்டியல்ல போடுறதுக்கு முன்னாடி அந்தக் கருவி வீட்டுல இருக்கான்னு பாருங்க. உறைக்குள்ள கிட்டார் வராது.

இன்னொண்ணு, ஆன்லைன் பாஸ். கேம் தயாரிக்கிற ஈஏ நிறுவனம் போன வருஷம் தன்னோட ஸ்போர்ட்ஸ் கேம்கள்ல ஆரம்பிச்சாங்க. புது டிஸ்க்கோட ஒரு குறியீடு வரும். அதை ஒருத்தர் பயன்படுத்திட்டா அடுத்தவருக்கு ஆன்லைன் ஆட்டம் இல்ல, 10 டாலர் கட்டணும். வாடகைக்காரங்களுக்கு 7 நாள் சோதனை ஓட்டம் உண்டு. ஆன்லைன்ல விளையாடத்தான் எடுக்கிறீங்கன்னா அந்த 7 நாளை டிஸ்க் வந்த அன்னிக்கே தொடங்காதீங்க. தனி ஆட்டத்தை முடிச்சுட்டுத் தொடங்குங்க.

கீறல் | 2011 மே 19

தனி மடல்ல ரெண்டு பேர் "டிஸ்க் படிக்கல"ன்னு கேட்டிருக்காங்க. இங்கேயே சொல்லிடுறேன்.

டிவிடி 1.2 மி.மீ தடிமன். 0.6 மி.மீ பாலிகார்பனேட் தட்டு ரெண்டை ஒட்டினது, தகவல் நடுவுல இருக்கும். அதனால படிக்கிற பக்கம் கீறினாலும் மேல்தோலைத் தேய்ச்சு எடுக்க இடம் இருக்கு. வாடகைக் கிடங்குகள்ல இருக்கிற மெஷின் அதைத்தான் செய்யுது: முதல்ல சொரசொரப்பாத் தேய்க்கும், அப்புறம் பளபளப்பாக்கும். ப்ளூ-ரேயில தகவல் அடுக்கு படிக்கிற பக்கத்துலேருந்து 0.1 மி.மீ ஆழத்துலதான். மேல கெட்டிப் பூச்சு இருக்கிறதால லேசுல கீறாது. கீறிட்டா தேய்க்க இடமும் கிடையாது. சோனியோட பிஎஸ்3 கன்சோலுக்கு கேம் வர்றது ப்ளூ-ரேயில, அதனால பற்பசை வைத்தியத்தை அந்த டிஸ்க்குல தயவுசெய்து காட்டாதீங்க, பூச்சே போயிடும்.

வந்ததும் செய்ய வேண்டியது: உறையிலேருந்து எடுத்து விளக்குக்குக் கீழ சாய்ச்சுப் பாருங்க. மையத்துலேருந்து விளிம்பு நோக்கி நேராப் போற கீறல் பயப்பட வேண்டியதில்ல. லேசர் அதைக் குறுக்க கடக்கும், ஒவ்வொரு சுத்துலயும் இழக்கிறது கொஞ்சம்தான். டிவிடியோட பிழைதிருத்தம் தொடர்ச்சியா ஏறத்தாழ 6 மி.மீ தடம் வரைக்கும் அழிஞ்சாலும் மீட்டுடும். வட்டமா, தடத்தோட போற கீறல்தான் எமன். மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலை டிஸ்க் சுத்தும்போது நிமிர்த்தினாலோ படுக்க வச்சாலோ அச்சு அசல் வளையம் மாதிரி விழும். அந்த டிஸ்க்கை யார் கையில கொடுத்தாலும் பெரும்பாலும் தேறாது.

துடைக்கிறதும் அதே காரணத்தாலதான் மையத்துலேருந்து வெளிப்பக்கமா நேரா. சட்டை நுனியால வட்டமாத் துடைக்காதீங்க. பஞ்சு உதிராத பருத்தித் துணி, கைரேகைக்கு ஐசோபுரோப்பில் ஆல்கஹால் ஒரு சொட்டு, போதும்.

அடுத்து நடு ஓட்டை. அதைச் சுத்தி உள்ள தெளிவான வளையத்துல மயிரிழை மாதிரி விரிசல் இருக்கான்னு பாருங்க. இருந்தா கன்சோல்ல போடாதீங்க. 360யோட டிரைவ் 12 மடங்கு வேகத்துல சுத்தும், உள்ளேயே சிதறினா டிரைவும் காலி. ஒரு படம் எடுத்துக்கிட்டுப் பழுதுன்னு குறிச்சுத் திருப்பிடுங்க.

ரெண்டாம்_பிளேயர் | 2011 மே 19

360 வச்சிருக்கவங்க டிஸ்க் வந்த உடனே வன்தட்டுல நிறுவிடுங்க. 2008 நவம்பர் புதுப்பிப்புலேருந்து அந்த வசதி இருக்கு. டிஸ்க் உள்ளேயே இருக்கணும், ஆனா சரிபார்க்க மட்டும்தான், சும்மா சுத்திக்கிட்டு இருக்காது. முக்கியமான லாபம் வேற: நிறுவும்போது மொத்த டிஸ்க்கையும் படிச்சாகணும். கெட்ட டிஸ்க்னா பத்து, பதினஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். இல்லைன்னா எட்டாவது மணி நேரத்துல, கடைசி வில்லனுக்கு முன்னாடி தெரியும்.

சுண்டல் | 2011 ஜூன் 20

ரெட்பாக்ஸ் பெட்டியில (கடை வாசல்ல டிஸ்க் வாடகைக்குத் தர்ற தானியங்கி) கேம் வந்துடுச்சு. ராத்திரிக்கு 2 டாலர். இனி தபாலுக்கு வேலையே இல்லைன்னு சொல்லலாமா?

தபால்பெட்டி | 2011 ஜூன் 20

மூணு ராத்திரிக்குள்ள முடிக்கிற கேம்னா பெட்டிதான் மலிவு, 6 டாலர். 12 நாள் சுத்துல தபாலுக்கு ஆகிறதும் கிட்டத்தட்ட அதே. நாலாவது ராத்திரியிலேருந்து தபால் ஜெயிக்கும். பெட்டியில இருக்கிறது ஒரு கை விரல்ல எண்ணக்கூடிய புது கேம் மட்டும். நின்டெண்டோவோட வீ கன்சோலுக்கு மூணு வருஷத்துப் பழைய கேம் வேணும்னா தபால்தான்.

ரெண்டாம்_பிளேயர் | 2011 செப்டம்பர் 20

நெட்ஃபிளிக்ஸ் டிவிடி வாடகையைப் பிரிச்சு குவிக்ஸ்டர்னு தனியாக்கப் போறாங்களாம், அதுல கேமும் உண்டாம். கூடுதல் கட்டணம். அந்தக் கையால பொறுக்குற ராஜ மரியாதை கேம் டிஸ்க்குக்கும் கிடைச்சா கேம்ஃப்ளை பாடு என்ன ஆகும்?

ரெண்டாம்_பிளேயர் | 2011 அக்டோபர் 11

நேத்து ரத்து பண்ணிட்டாங்க. மூணே வாரம். கேமும் அதோட போச்சு.

தபால்பெட்டி | 2013 ஜனவரி 14

வழக்குல அடுத்த கட்டம். 2011 பரிகாரம் அரைகுறைன்னு கேம்ஃப்ளை மேல்முறையீடு போனாங்க. வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பரிகாரத்தை ரத்து பண்ணிடுச்சு. பாரபட்சம்னு ஒத்துக்கிட்ட பிறகு அதுல ஒரு பகுதியை மிச்சம் வைக்கிறதுக்கு ஆணையம் சரியான காரணம் காட்டலைங்கிறது நீதிமன்றத்தோட வாதம். மறுபடி ஆணையத்துக்கே போகுது.

கீறல் | 2013 ஜூன் 8

தபால் விலையை விடுங்க, வாடகைக்கே வேட்டு வைக்கிறாங்க. அடுத்து வரப்போற கன்சோல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோட விதி வெளியாச்சு: 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை கன்சோல் இணையத்துல தலைகாட்டணும். கேமை இரவல் கொடுக்கிறது, வாடகைக்கு விடுறது ரெண்டும் தொடக்கத்துல இருக்காதுன்னு மைக்ரோசாஃப்டே எழுதியிருக்காங்க.

சுண்டல் | 2013 ஜூன் 20

நேத்து பின்வாங்கிட்டாங்க! பிஎஸ்4ல அப்படி எதுவும் இல்லைன்னு சோனி மேடையில சொன்னப்ப விழுந்த கைதட்டல் காதுல விழுந்திருக்கும்.

கீறல் | 2013 ஜூன் 20

போன மாசம் ஈஏயும் ஆன்லைன் பாஸைக் கைவிட்டாங்க. அதனால மேல நான் எழுதின 7 நாள் யோசனை இனி புது கேமுக்குத் தேவையில்ல. பழைய டிஸ்க்குகளுக்குப் பாஸ் இன்னும் கேட்குதான்னு பார்த்துட்டு எடுங்க.

தபால்பெட்டி | 2013 ஜூன் 28

ஆணையம் இந்தத் தடவை தெளிவாச் சொல்லிடுச்சு. போய் வர்ற டிவிடி உறை கடித வடிவமோ தட்டை வடிவமோ, விலை ஒண்ணா இருக்கணும். நாலு வருஷம் ஆச்சு. சந்தாக்காரங்களுக்கு இதனால மாச விலை குறையும்னு எதிர்பார்க்காதீங்க. அட்டை வச்ச உறை தொடர்ந்து வரும், அதுவே லாபம்.

ரெண்டாம்_பிளேயர் | 2013 ஆகஸ்ட் 9

இங்கிலாந்துல இருக்கிற நண்பர்களுக்கு: அங்கே தபால்ல டிஸ்க் வாடகைக்குத் தர்ற லவ்ஃபிலிம் இந்த மாசம் கேம் வாடகையை நிறுத்திடுச்சு. படம் மட்டும் தொடரும்.

ரெண்டாம்_பிளேயர் | 2014 பிப்ரவரி 3

பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்த பிறகு கணக்கு கொஞ்சம் மாறுது. டிஸ்க்கை முழுசா வன்தட்டுல நிறுவியே ஆகணும், 40-50 ஜிபி. அதுக்கப்புறம் டிஸ்க் வெறும் சாவி. கூடவே கேமோட குறையைச் சரிபண்ற புதுப்பிப்பு பல ஜிபி இறங்கும். வீட்டு இணையம் மெதுவா இருந்தா "வீட்டுல 5 நாள்"ல ஒரு நாள் இதுக்கே போயிடும்.

திருப்பி அனுப்பின பிறகு நிறுவினதை அழிச்சு இடம் பண்ணிக்கலாம். சேமிச்ச ஆட்டம் தனியா இருக்கும், அது அழியாது. ஆனா பிஎஸ்4ல சேமிப்புக்கும் கேமுக்கும் அழிக்கிற இடம் வேற வேற. அவசரத்துல சேமிப்புப் பட்டியலுக்குள்ள போய் அழிச்சுடாதீங்க. எக்ஸ்பாக்ஸ் ஒன்ல ஒரு வசதி: டிஸ்க்கைத் திருப்பிட்டு அதே கேமைத் தள்ளுபடியில இணையத்துல வாங்கினா, நிறுவினது அப்படியே பயன்படும், திரும்ப இறக்க வேண்டாம்.

சுண்டல் | 2018 மே 24

கேம்ஃப்ளையோட கிளவுட் தொழில்நுட்பத்தை (டிஸ்க் இல்லாம இணையம் வழியா கேம் ஓட்டுறது) ஆளோட சேர்த்து ஈஏ வாங்கிடுச்சு. டிஸ்க் பக்கத்தைத் தொடல. ஆன்லைன் பாஸ் போட்டு வாடகைக்காரனை விரட்டின அதே ஈஏ. சிரிப்பா வருது.

கீறல் | 2020 ஜனவரி 6

ரெட்பாக்ஸ் பெட்டியில கேம் நிறுத்தியாச்சு, போன மாசத்தோட. சுண்டல், 2011ல தபாலுக்கு வேலையில்லைன்னு கேட்டீங்களே?

சுண்டல் | 2020 ஜனவரி 6

கேள்விதான் கேட்டேன், தீர்ப்பு சொல்லல :)

தபால்பெட்டி | 2021 அக்டோபர் 9

12 நாள் கணக்கை இனி நம்பாதீங்க. இந்த மாசம் 1ஆம் தேதியிலேருந்து தபால் துறை முதல் வகுப்புத் தபாலோட இலக்கை 1-3 நாள்லேருந்து 1-5 நாளா நீட்டிருச்சு. கிட்டத்துல கிடங்கு இருக்கிறவங்களுக்குப் பெருசா தெரியாது, தூரத்துல இருக்கிறவங்களுக்குத்தான் அடி. போக 5, வர 5, வீட்டுல 5, கட்ட 1: பதினாறு நாள். அதே 15.95ன்னு வச்சுக்கிட்டாலும் டிஸ்க் ஒண்ணுக்கு எட்டரை டாலர்.

எந்தக் கிடங்குலேருந்து வருதுன்னு உறையில இருக்கிற முகவரியைப் பாருங்க. லாஸ் ஏஞ்சலஸ், பிட்ஸ்பர்க், டாம்பா, ஆஸ்டின் பக்கம் இருக்கிறவங்க கொடுத்து வச்சவங்க. ஆனா உங்க ஊருக்குப் பக்கத்துக் கிடங்குல கேட்ட கேம் இல்லைன்னா நாட்டோட மறு கோடியிலேருந்து அனுப்புவாங்க. பட்டியல்ல மேலாக நாலஞ்சு கேமைச் சமமா விருப்பமுள்ளதா வச்சா பக்கத்துக் கிடங்குலேருந்து ஏதாவது ஒண்ணு கிளம்ப வாய்ப்பு கூடும். புது வெளியீட்டு உத்திக்கு இது நேர் எதிர். ரெண்டையும் ஒரே சமயத்துல செய்ய முடியாது.

கீறல் | 2022 நவம்பர் 2

இனி டிஸ்க்ல என்ன இருக்குன்னும் பார்க்கணும் போல. போன வாரம் வந்த கால் ஆஃப் டூட்டி பிஎஸ்5 டிஸ்க்குல இருக்கிறது சுமார் 70 எம்பி. மீதி நூறு ஜிபிக்கு மேல இணையத்துல இறக்கணும். ப்ளூ-ரே கீறலைப் பத்தி நான் பக்கம் பக்கமா எழுதினதெல்லாம் இதுக்குப் பொருந்தாது, கீற அதுல பெருசா ஒண்ணுமில்ல. டிரைவ் இல்லாத பிஎஸ்5 டிஜிட்டல், எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் வச்சிருக்கவங்க சந்தா பக்கமே போக வேண்டாம். புதுசா சேர்றவங்க இதைக் கூடப் பார்க்காம பணம் கட்டிட்டு வந்து கேட்கிறாங்க.

தபால்பெட்டி | 2023 செப்டம்பர் 30

நேத்து நெட்ஃபிளிக்ஸ் கடைசி டிவிடியை அனுப்பிடுச்சு. கையால பொறுக்கின சிவப்பு உறை இனி கிடையாது. சலுகை வாங்கினவங்க போயாச்சு, வழக்குப் போட்டவங்க இன்னும் உறை அனுப்பிக்கிட்டு இருக்காங்க.

ரெண்டாம்_பிளேயர் | 2025 ஜூன் 15

நின்டெண்டோவோட புது கன்சோல் ஸ்விட்ச் 2க்காகச் சேர நினைக்கிறவங்க கவனத்துக்கு. புது மரியோ கார்ட் 80 டாலர். அதனால வாடகைக்கு மறுபடி மவுசு வந்திருக்கு. இதுக்கு கேம் வர்றது டிஸ்க்ல இல்ல, சின்ன அட்டையில. ஆனா சில கேம் பெட்டியில வர்றது சாவி அட்டை. அட்டைக்குள்ள கேம் கிடையாது. செருகினா இணையத்துலேருந்து இறங்கும், விளையாடும்போதெல்லாம் அட்டை உள்ளே இருக்கணும். கணக்கோட பூட்டிக்காததால அடுத்தவர் கையில கொடுத்தாலும் ஓடும், வாடகைக்கும் ஓடும். பெட்டிக்குள்ள வெறும் குறியீட்டுத் தாள் இருக்கிற கேம் மட்டும் வாடகைக்கே வராது.

சாவி அட்டையா இல்லையான்னு கேமோட அசல் பெட்டி முகப்புல கீழே பெரிசா போட்டிருப்பாங்க. வாடகையில பெட்டி வராது. அதனால பட்டியல்ல போடுறதுக்கு முன்னாடி கடைத் தளத்துல அட்டைப்படத்தைப் பார்த்துக்குங்க. உள் சேமிப்பு 256 ஜிபி, பெரிய கேம் நாலஞ்சு இறக்கினாலே நெருக்கும். இடத்தைக் கூட்ட ஸ்விட்ச் 2க்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ்ங்கிற சேமிப்பு அட்டைதான் வேணும், பழைய மைக்ரோஎஸ்டியில கேம் நிறுவ முடியாது.

சுண்டல் | 2025 ஜூன் 15

அந்தச் சின்ன அட்டை தபால்ல பத்திரமா வருமா? டிஸ்க்காவது உறை அளவுக்கு இருக்கும்.

தபால்பெட்டி | 2025 ஜூன் 16

உடையாது. வளையுற பிரச்சினையே இல்ல. ஆனா தடிமன் 3 மி.மீ, உறையில ஒரே இடத்துல மேடு தட்டும். தடிமன் சமமா இல்லாத உறையை, உள்ளே சாவியோ நாணயமோ போட்ட கடிதம் மாதிரி, மெஷினுக்கு ஆகாததுன்னுதான் தபால் துறை வகைப்படுத்தும். பெல்ட் கவ்வும்போது அட்டை உறையைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்துடலாம். காலி உறை மட்டும் கிடங்குக்குப் போகும், அப்புறம் நீங்க பதில் சொல்லணும்.

வரும்போது எந்தப் பிடிப்பான்ல இருந்துச்சோ அதுலயே, அதே திசையில திருப்பி வையுங்க. ஆடினா பிடிப்பானுக்கு மேல ஒரு துண்டு டேப், அட்டையோட உலோகப் பல்லுல படாம. உறையை மடிச்சு ஒட்டாதீங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி அட்டையோட ஒரு படம் எடுத்துக்குங்க. நீலப் பெட்டியைத் தவிர்த்து உள்ளே போய்க் கொடுங்க.

கீறல் | 2025 ஜூன் 16

அட்டையை வாயில மட்டும் வைக்காதீங்க. நின்டெண்டோ வேணும்னே கசப்பு பூசியிருக்காங்க, குழந்தை முழுங்கிடக் கூடாதுன்னு. முந்தினவர் துடைச்சாரான்னும் தெரியாது. தொடர்பு முனையைக் காய்ஞ்ச துணியால ஒரு தடவை இழுத்துட்டுச் செருகுங்க, ஊதாதீங்க.